சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். "மாமா இல்லாம நான் எப்பிடிம்மா மணவறையில உக்கார்றது? அவருதான் ஒங்க கடையில வச்சே எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டாராமே, இன்னும் என்னம்மா?" என்றாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் உன்னிடம் மண்டபத்துச் சாப்பாட்டைப் பற்றியும், உனக்குச் செருப்பு வாங்குவதைப் பற்றியும் பேசிவிட்டு வைத்தார். யாரையும் நோகடிக்காத பேச்சு எதுவோ அதைத்தான் அவர் பேசுவார். எனக்கு அது வராது. அதனால்தான் எழுதுகிறேன். உன் மாமாவை அழைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இதுவரை உனக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் பாதியிலும் பெரும்பகுதியை உனக்குச் சொன்னது உன் மாமாதான்.

அப்பாவுக்கு விபத்து நடந்தபோது நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். வண்டி மோதிக் கால் ஒடிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று உனக்குச் சொன்னோம். மீதியைச் சொல்ல வேண்டாம் என்றவர் அப்பாதான். "தாய்மாமன் உறவு. நம்மளால அது கெட வேணாம்" என்றார். உனக்குக் காது குத்தியது என் அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான். நீ வீறிட்டபோது உன் வாயில் சர்க்கரை போட்டதும் அவன்தான். அதை நான் மறுக்கவில்லை. மூத்தவனை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று பார்க்காதே. 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

உன் அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் உனக்கு நன்றாக நினைவிருக்கும். போடியில் இன்றைக்குக் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். வயதுக்கு வந்த பெண்ணை வேறு யார் வண்டியிலும் ஏற்றி விடாத வீட்டுக்காரர்கள்கூட "சார்ட்ட பழகட்டும்" என்று அவரிடம் அனுப்பினார்கள். மாணவி வண்டியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் இறக்கினாலும் "பரவால்ல, ரிவர்ஸ் கியர் இன்னிக்கே பழகிக்கலாம்" என்பார். திருவிழாவில் பானகம் குடித்தாலே நெஞ்சு கரிக்கிற ஆள். அவர் வாழ்நாளில் சாராய வாடை அவர்மேல் பட்டது என்றால், அது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

என் அண்ணன் தேனி ரோட்டில் டியூனிங் கடை வைத்திருந்தான். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நீ கல்யாணம் செய்யப்போகிற பெண்ணும் இதைப் படிக்கட்டும் என்று சொல்கிறேன். இப்போதைய வண்டிகளில் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தி உள்ளே அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கம்பெனி அதில் எழுதி வைத்த எண்களை, அதாவது அந்த 'ஃபைலை', லேப்டாப் கொண்டு மாற்றி, வண்டியின் இழுவையைக் கூட்டுவதுதான் டியூனிங். மலைக்கு ஓடும் ஜீப்புக்காரர்களும் எஸ்டேட் முதலாளிகள் வீட்டுப் பையன்களும் அவன் கடையில் வரிசையாக நின்றார்கள். ஒருநாள் நம் காரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவனே ஆரம்பித்தான். "என்ன மாப்ளே, மேட்டுல வண்டி மூக்கால அழுவுது? கொண்டாங்க, ஒரு ஃபைலு ஏத்தி விடுறேன். மலையில பறக்கும்." அப்பா, "இருக்கட்டும் மச்சான், எனக்கு இதுவே போதும்" என்றார். "அட சும்மா கொண்டாங்க. என் தங்கச்சி வண்டி ஒரு ஓட்ட ஜீப்புக்குப் பின்னாடி போகலாமா?" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தினான். வண்டி உண்மையாகவே பறந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்த மாதமே, போடிமெட்டுக்கு மேலே ஒரு துக்க வீட்டுக்கு அப்பா தனியாகப் போனார். பாதி மலை ஏறியிருப்பார். எஞ்சின் சத்தம் தானாக ஏறத் தொடங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், சத்தம் குறையவில்லை. பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. சாவியைத் திருப்பி அணைத்தார். அப்போதும் வண்டி நிற்காமல் ஊளையிட்டுக்கொண்டு ஏறியது. பிரேக்கை நின்று மிதித்தும் கேட்கவில்லை; பிரேக் கேட்காத வண்டியில் கிளட்ச்சை மிதித்தால் அது புகைக்குள் பின்னோக்கிப் பள்ளத்துக்கு உருளும். வளைவில் ஒரு பக்கம் பள்ளம், எதிரே தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப்பு இறங்கி வந்தது. அப்பா வண்டியை மலைப் பக்கம் ஒடித்துப் பாறையில் கொண்டுபோய் மோதினார். ஜீப்பில் இருந்தவர்கள்தான் அவரை வெளியே இழுத்தார்கள். இழுத்தவர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "சாவிய எடுத்துட்டேன், வண்டி நிக்கல."

நீயே யோசித்துப் பார். ஒரு கார் தறிகெட்டு மேட்டில் ஏறி வந்து பாறையில் மோதுகிறது. உள்ளே இருக்கிற ஆள் சாவியை எடுத்த பிறகும் வண்டி ஓடியது என்கிறார். கேட்பவனுக்கு என்ன தோன்றும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜீப்புக்காரர் ஒருவர் என் அண்ணனிடமே கேட்டார், வண்டி விவரம் தெரிந்தவன் என்று. "ஏண்ணே, சாவிய எடுத்தப்புறமும் வண்டி ஓடுமா?" என் அண்ணன் சிரித்தான். "எப்பிடிய்யா ஓடும்? மாப்ள லேசாப் போட்டுருந்தாரு போல. நான் வந்தப்பவே வாடை அடிச்சுச்சு. தங்கச்சி காதுல விழுந்துறப் போவுது, விடுங்க." தங்கச்சி காதில் விழுந்தது. மருந்துச் சீட்டோடு நான் தூணுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவன் கடை வாசலிலேயே போய்க் கேட்டேன். "அண்ணே, அவரு குடிக்க மாட்டாருன்னு ஒனக்குத் தெரியாதா?" அவன் ஸ்குரூ டிரைவரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஆத்தா, ஆம்பளைக வெளிய என்ன செய்றாகன்னு ஒனக்கு என்ன தெரியும்? போயி சோலியப் பாரு" என்றான். அதற்குள் ஏலக்காய் ஏல மையத்து டீக்கடை வரைக்கும் பேச்சு போய்விட்டது. டிரைவிங் ஸ்கூலுக்கு வந்த பெண்களின் வீட்டார் மரியாதையாகத்தான் நின்றுகொண்டார்கள். "பிள்ளைக்குப் பரிச்ச வருது சார்" என்றார் ஒருவர். "ஊருக்குப் போறோம் சார்" என்றார் இன்னொருவர். அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கும் முன்பே ஸ்கூலில் ஆள் இல்லை. போர்டை நானே கழற்றினேன். அதன்பிறகு அவர் என் செராக்ஸ் கடைக்கு வந்து லேமினேஷன் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அவருக்காகவும் சேர்த்துக் கோபப்படுகிற வேலை என்னிடம் வந்தது. நான் அதை ஒழுங்காகச் செய்தேன்.

எஞ்சினைத் தேனியில் ஒரு மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுத்தேன். டர்போவின் தண்டு முறிந்திருந்தது. குழாய் முழுக்க ஆயில். "டர்போ போயி ஆயிலு உள்ள எறங்கிருச்சுக்கா. டீசல் நின்னாலும் ஆயிலயே குடிச்சு ஓடிருக்கும். அப்ப சாவிய எடுத்தாலும் வண்டி நிக்காது" என்றார். நான் கேட்டேன்: "இது டியூனிங் பண்றவங்களுக்குத் தெரியுமா?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தெரியாம எப்பிடிக்கா? டீசல் வண்டிக்காரனுக்கு அதுதான மொதப் பயம்." டர்போ ஏன் போனது என்று கேட்டதற்கு, அது லேப்டாப் விஷயம், தனக்குத் தெரியாது என்றார். "என் பேரச் சொல்லிறாதீகக்கா, அண்ணன்தான் எனக்கு வண்டி அனுப்புறாரு" என்றும் சொன்னார்.

அப்பு, அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போடி வந்து சேரும் வரை என் மனதில் ஓடியதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. என் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. வராந்தாவில் சிரித்தபோதே தெரிந்திருக்கிறது. தன் ஃபைலைக் காப்பாற்ற என் புருஷனைக் குடிகாரனாக்கினான். கத்தி என்ன பிரயோஜனம்? 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்பான், ஊரும் தலையாட்டும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிய வேண்டும், அதற்குமேலும் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தேன். ஃபிசிக்ஸ் படித்தவள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் ஊராருக்கு விண்ணப்பம் நிரப்புகிறவள். எனக்கு ஏன் வராது?

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற கேபிளும், ஃபைலைத் திறக்கிற மென்பொருளும் வாங்கினேன். மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வீடியோ பார்த்தேன். இங்கிலீஷ்காரர்கள் பேசியது பாதி புரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் மலையாளத்தில் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன். நம் காரிலிருந்து எடுத்த ஃபைலை முதன்முதலில் திறந்தபோது திரை முழுக்க எண்கள்தான், தலையும் இல்லை வாலும் இல்லை. அதையே கோடாக மாற்றிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக ஓடும். மேடுகள் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் ஒரு 'மேப்' இருக்கிறது என்று அர்த்தம். மேப் என்பது ஒரு பெரிய கட்டம். எஞ்சின் இந்த வேகத்தில் சுற்றும்போது, ஆக்சிலேட்டர் மிதி இவ்வளவு அமுங்கியிருந்தால், இவ்வளவு டீசல் கொடு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். டீசலுக்கு ஒரு மேப், புகைக்கு ஒன்று, டர்போவுக்கு ஒன்று. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பெயர் எழுதுவதற்கே மழைக்காலம் முடிந்துவிட்டது.

பிறகு, நம் கார் மாடலையே வைத்திருந்த ஒரு வாத்தியாரைக் கெஞ்சி, அவர் வண்டியிலிருந்து கம்பெனி ஃபைலை எடுத்தேன். அதையும் என் அண்ணன் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே போகப் போகக் காற்று மெல்லிசாகும். அந்தக் காற்றை அதே அளவுக்கு அழுத்த டர்போ இன்னும் வெறிகொண்டு சுற்ற வேண்டும், சுற்றினால் உடையும். அதனால் உயரம் ஏற ஏற டர்போவைக் குறைத்துக்கொள் என்று கம்பெனிக்காரன் ஒரு மேப் வைத்திருந்தான். என் அண்ணனுடைய ஃபைலில் அது முழுக்க ஒரே எண். கீழே போடி பஸ் ஸ்டாண்டுக்கும் மலை மேல் போடிமெட்டுக்கும் ஒரே எண். எங்கோ சமவெளியில் எவனோ செய்ததை வாங்கி, மலை ஏறுகிற வண்டிக்கெல்லாம் போட்டிருக்கிறான். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை. பசித்தது. இரண்டு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன்.

வேறு டர்போ போட்டு வண்டி ஓடுகிற நிலைக்கு வந்ததும், நானே ஃபைல் எழுதத் தொடங்கினேன். முதல் தடவை எழுதும்போதே பாதியில் கரண்ட் போனது. பேட்டரிக்குப் போட்டிருந்த சார்ஜர் நின்று, எழுதுவது அறுந்து, வண்டி பிணமாகிவிட்டது. சாவி போட்டால் ஒரு விளக்குகூட எரியவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே நேராக ஒயர் கொடுத்து மறுபடி எழுதி உயிர் கொடுக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பதை அப்பாவிடம் கேள். ஆனால் செத்த பெட்டியை எழுப்ப அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே, அதையும் அப்போதுதான் பழகினேன். காலையில் குரங்கணி ரோட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, டர்போ அழுத்தத்தையும் சூட்டையும் உரக்க வாசிப்பார். "சூடு ஏறுது, மூணாவது கியருக்கு வா. கிளட்ச்ச மெதுவா விடும்மா, மெதுவா" என்பார். வீட்டுக்கு வந்து ஒரு கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றுவேன். மறுநாள் மறுபடி ஓட்டுவோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. கடைசியில் நாலு பேரோடும் மூட்டையோடும் திணறாமல், புகை கக்காமல், சூடேறாமல் மலை ஏறுகிற ஒரு ஃபைல் என் கையால் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று உன் சித்தி சொல்வாள். நான் நிறுத்தவில்லை. செராக்ஸ் கடை வாசலில் ஒரு போர்டு வைத்தேன்: 'டியூனிங் செய்து கெட்டுப்போன வண்டிகளுக்குக் கம்பெனி செட்டிங் திரும்பப் போட்டுத் தரப்படும்.' முதலில் சிரித்தார்கள். பிறகு கரும்புகை கக்குகிற ஜீப்பு ஒன்று வந்தது. அடுத்த வாரம் அதன் சொந்தக்காரர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். வந்தவர்களை உட்கார வைத்து, அந்த ஒரே எண் நிறைந்த மேப்பைத் திரையில் காட்டுவேன். "இதுதான் எங்க வீட்டுக்காரரு வண்டியிலயும் இருந்துச்சு" என்று மட்டும் சொல்வேன், வேறெதுவும் சொல்ல மாட்டேன். அண்ணன் போன் செய்தான். "என்ன ஆத்தா, அண்ணன் பொழப்புல மண்ணள்ளிப் போடுற?" "சோலியப் பாருண்ணே" என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன சுகத்தில் நாள் முழுக்க எனக்கு டீயே தேவைப்படவில்லை.

இப்போது அந்த மன்னிப்புக்கு வருகிறேன். எஸ்டேட் முதலாளி ஒருவரின் பெரிய வண்டிக்கு ஃபைல் ஏற்றும்போது உன் மாமாவுக்கும் பாதியில் அறுந்துவிட்டது. வண்டி அவன் கடையிலேயே செத்து நின்றது. அவன் மதுரைக்கு அனுப்பலாம் என்றிருக்கிறான். முதலாளிக்குப் பொறுமை இல்லை. பகல் பதினோரு மணிக்கு, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, அவனையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி என் கடைக்குள் நுழைந்தார். "ஏம்மா, செத்த வண்டிய எழுப்புறது நீதானா?"

"எழுப்பித் தர்றேன்யா. அதுக்கு முன்னாடி எங்கண்ணன் ஒண்ணு சொல்லணும்." நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "ஏண்ணே, டர்போ போயி ஆயிலக் குடிச்சு ஓடுற வண்டி, சாவிய எடுத்தா நிக்குமா?"

அவன் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தான். முதலாளி, "கேக்குதுல்ல, வெரசா சொல்லுய்யா" என்றார்.

"நிக்காது."

"அன்னிக்கு அவரு குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"சத்தமா சொல்லு. ஆஸ்பத்திரியில சத்தமாத்தான சொன்ன?"

"குடிக்கல! மாப்ள குடிக்கல! போதுமா?"

"ஃபைலு யாருது?"

"என்னுது."

அப்பா லேமினேஷன் மெஷினை அணைத்துவிட்டு, "விடும்மா, போதும்" என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. கார் பழகுவதைப் பாதியில் நிறுத்திய பெண்களில் ஒருத்தி ஆதார் நகலோடு வரிசையில் நின்றாள். அவள் தலை குனிந்துகொண்டாள். அவளும் கேட்கட்டும் என்று "மன்னிப்பு யாருகிட்டண்ணே கேக்கணும், என்கிட்டயா?" என்றேன். உன் மாமா அப்பா பக்கம் திரும்பி, "மன்னிச்சுருங்க மாப்ளே" என்றான். பெட்டியை வாங்கினேன். சாயங்காலத்துக்குள் வண்டி ஓடியது. அன்றைக்குக் கடை அடைத்ததும் அப்பா என்னிடம் கையை நீட்டி, "சாவியக் கொண்டா" என்றார். குரங்கணி வரை அவரே ஓட்டிப் போய்த் திரும்பினோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக என் ஆயுள் முழுவதையும் கேட்டாலும் கொடுப்பேன்.

அதோடு முடித்திருப்பேன், அப்பு. சத்தியமாக முடித்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இன்னொன்றும் சொன்னாய், சொல்கிறோம் என்று தெரியாமலே. "மாமாவுக்குப் பெரிய மனசும்மா. ஒங்க மனசு குளிரட்டும்னுதான் அன்னிக்கு அப்பிடிச் சொன்னாராம்." அதாவது உண்மை வேறு, தங்கச்சிக்காக விட்டுக் கொடுத்தான், மாப்பிள்ளை குடித்திருந்தது குடித்திருந்ததுதான். சொந்தக்காரர்களிடமும் இதையே சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் கடையில் சொன்னதை வெளியே போய் அழித்திருக்கிறான். உன்னைக் கொண்டே என் காதில் போட்டிருக்கிறான்.

நீ குடும்பம் நடத்தப் போகிறவன். உன்னைக் கட்டிக்கொள்பவளைப் பற்றி நாளைக்கு யாராவது ஒரு பொய் சொன்னால், சொன்னவன் உறவுக்காரன் என்று பார்த்து நிற்காதே. அது நானாக இருந்தாலும் நிற்காதே. மறந்துவிடு என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவருக்காவது கால் ஒடிந்ததா என்று பார். கத்தாதே. எதிராளிக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொள். நேரம் எடுத்துக்கொள். கற்றுக்கொள்கிற காலத்தில் கோபம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை, நன்றாகப் பதம்தான் வந்தது.

ஆகையால், மாமாவை அழைத்துவிடு. நேரில் போ, தாம்பூலத்தட்டோடு போ. பெண் வீடு மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில், மண்டபமும் அங்கேதான். மாப்பிள்ளை வருகிற காரில் தாய்மாமன் முன் சீட்டில் உட்கார்ந்து வருவதுதான் நம் பக்கத்து மரியாதை. அத்தனை சொந்தக்காரர்கள் பார்க்க அவன் அதை மறுக்க முடியாது. கார் நம்முடையதுதான், அதே கார்தான். அப்பா ஓட்டுவார். நான் பின்னால் உன் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவன் காது முழுக்க எஞ்சின் மேலேயே இருக்கும். அப்பா கியர் குறைத்துச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் அவன் கை கதவுப் பக்கம் போகும். அப்பா மோதிய அந்தப் பாறை வரும்போது நான் ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, "பயமா இருக்காண்ணே?" என்று கேட்பேன். போடிமெட்டு வருவதற்குள் அவன் சட்டை நனைந்திருக்கும். மாலை போடும்போது அவன் கை நடுங்கினால் நீ கண்டுகொள்ளாதே.

நீ மட்டும் பயப்படாதே. அந்த வண்டியில் நான் எதுவும் செய்திருக்க மாட்டேன். அது நான் எழுதிய ஃபைல், உன்னையும் உன் அப்பாவையும் சுமக்கிற வண்டி. போடியில் அதைவிடப் பத்திரமாக மலை ஏறுகிற வண்டி இல்லை. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். உன் மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா